தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்கள் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் கேட்டிருக்கக்கூடிய பழமொழி ஒன்று உண்டு. 'தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும்' என்பது அது. லயத்து வாசலிலே கிழவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொழிற்சங்க மேடைகளிலே கேட்டிருப்பீர்கள். மலையக வரலாறு கூறும் கட்டுரைகளிலும் படித்திருப்பீர்கள். சொற்கள் எளியவை. சிறு குழந்தைக்கும் விளங்கக்கூடியவை. ஆயினும் அச்சொற்களின் உட்பொருள் யாது என்று சிறிது நின்று எண்ணிப் பார்த்தால், அது நாம் நினைத்தது போல அத்துணை எளிதாக இல்லை. அப்பொருளை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலிலே, இம்மொழிக்கு வழக்கமாகக் கூறப்படும் விளக்கத்தைப் பார்ப்போம். தமிழகத்துக் கிராமங்களுக்கு ஆள் சேர்க்கச் சென்ற கங்காணிமார், கண்டிச் சீமையின் வளத்தை வானளாவப் புகழ்ந்தனர். அங்கே தேயிலைச் செடியின் அடியைத் தோண்டினாலே தேங்காயும் மாசியும் கிடைக்கும், பாடுபட வேண்டியதில்லை என்று ஆசை காட்டினர். அதை நம்பி நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளோடு புறப்பட்டு வந்து ஏமாந்தனர் என்பதே அவ்விளக்கம். பேசுவோரும் எழுதுவோரும் பெரும்பாலும் இதனையே கூறுவர்.

நான் அட்டன் பகுதியிலே ஓர் அரசினர் தமிழ்ப் பாடசாலையின் அதிபர். நிருவாகப் பணிகளுக்கிடையே மேல் வகுப்புகளுக்கு வரலாறும் கற்பித்து வருகின்றேன். ஒரு நாள் இப்பழமொழியையும் அதன் விளக்கத்தையும் வகுப்பிலே கூறியபொழுது, கொழுந்தெடுக்கும் தாயொருத்தியின் மகள் எழுந்து நின்று, "அப்படியென்றால் எங்கள் பூட்டன்மார் எல்லாரும் புத்தியில்லாதவர்களா, சேர்? தேங்காய் மரத்தில் காய்க்கும் என்பதும் மீன் கடலில் இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியாதா?" என்று வினவினாள். வகுப்பிலே சிலர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. கேட்டவளின் முகத்திலே வெட்கமும் சினமும் ஒருங்கே இருந்தன. தன் குலத்தின் தொடக்கமே ஒரு மடமை என்று பாடசாலையிலே கற்பிக்கப்படுவதை எந்தப் பிள்ளையால் பொறுத்துக்கொள்ள முடியும்? அவளுடைய வினா நியாயமானது. அதற்கு விடை காண்பதற்காகவே இம்மொழியை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கத் தலைப்பட்டேன்.

ஒரு கூற்றின் பொருள் தெளிவாகாதபொழுது நாம் கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு. அஃது எக்காலத்தில் எழுந்தது? யாரை நோக்கிச் சொல்லப்பட்டது? சொல்லுக்குச் சொல் அதிலே என்ன இருக்கின்றது? யாருடைய வாயிலே அது பிறந்திருக்கக் கூடும்? இவ்வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

காலத்தை முதலிலே நோக்குவோம். தமிழகத்திலிருந்து தொழிலாளர் இம்மலைகளுக்கு வரத் தொடங்கியது தேயிலைக்காக அன்று; கோப்பிக்காக. 1820களிலே கண்டிப் பகுதியிலே கோப்பித் தோட்டங்கள் தோன்றின. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் கோப்பியே இந்நாட்டின் பெரும் பயிராக விளங்கிற்று. 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளிலே செம்மஞ்சள் நிறப் பொடி போன்ற ஒரு நோய் தென்பட்டது. அந்நோய் பரவி, அடுத்த இருபதாண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. கோப்பி இருந்த இடத்திலே தேயிலை வந்தது. ஆகவே, 'தேயிலைத் தூர்' என்று பேசும் பழமொழியொன்று 1867க்கு முன் பிறந்திருக்க முடியாது. தேயிலை பரவலாகி, ஊரறிந்த பயிராக ஆன 1880களுக்கு முன்னே அது வழக்குக்கு வந்திருக்கும் என்பதும் ஐயமே.

இக்காலக் கணக்கினால் விளங்குவது யாது? தேயிலை வந்த காலத்திலே கண்டிச் சீமை தமிழகத்துக் கிராமத்தாருக்குப் புதிய இடமாக இருக்கவில்லை. கோப்பிக் காலத்துத் தொழிலாளரிற் பெரும்பாலோர் ஆடவர். அவர்கள் கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து கடல் கடந்து மன்னாருக்கு வந்து, அங்கிருந்து காட்டுப் பாதை வழியே மாத்தளை வரை நடந்து, மலையேறி வேலை செய்துவிட்டு அதே வழியிலே திரும்பிச் சென்றனர். வழியிலே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் பலர். திரும்பியவர்கள் மௌனமாக இருந்திருப்பார்களா? கண்டிக் குளிரையும், அட்டைக் கடியையும், துரையின் அதிகாரத்தையும், வழியிலே விட்டுவந்த பிணங்களையும் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்களா? இரண்டு தலைமுறைகளாகப் போவதும் வருவதுமாக இருந்த ஒரு நாட்டைப் பற்றி, செடியின் அடியிலே தேங்காய் கிடைக்கும் என்று ஒருவன் சொன்னால், அதை உண்மையென நம்பும் கிராமம் ஒன்று இருந்திருக்கும் என்று கொள்வது கடினம்.

அடுத்து, யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்னும் வினா. பொய் சொல்லி ஆள் சேர்ப்பவன் எத்தகைய பொய்யைச் சொல்வான்? கேட்பவனுடைய நெஞ்சிலே ஏற்கெனவே இருக்கும் ஆசையை அறிந்து அதற்கு இசையவே சொல்வான். இதற்கு வேறு நாடுகளின் வரலாற்றிலே தக்க சான்றுகள் உள. வட இந்தியாவிலிருந்து தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்தவர்கள், அந்நாட்டின் பெயரைத் திரித்து, 'ஸ்ரீராம் தேசம்' என்று கூறினராம். இராமபத்தி மிக்க மக்களுக்கு அப்பெயரே போதுமானதாயிற்று. திரினிடாட்டை 'சீனிடாட்' என்று சொல்லி, அங்கே சீனி சலிக்கும் இலேசான வேலைதான் என்று கூறினர் என்பதும் அம்மக்களிடையே வழங்கிவரும் செவிவழிச் செய்தி. இராமனையும் சீனியையும் கேட்டவர்கள் நன்கு அறிவர். கேட்போரின் மொழியிலே, கேட்போர் அறிந்த பொருளைக் கொண்டு பின்னப்பட்ட பொய்கள் அவை.

நம் பழமொழியை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மழை பொய்த்து நிலம் வெடித்துக் கிடக்கும் ஒரு கிராமத்திலே உழவனுக்கு ஆசை காட்ட வேண்டுமானால் எதைச் சொல்வார்கள்? நெல்லைச் சொல்லலாம், வற்றாத நீரைச் சொல்லலாம், சொந்த நிலத்தைச் சொல்லலாம், கையிலே வெள்ளிக் காசு புரளும் என்று சொல்லலாம். தேங்காய் அவன் அறிந்த பொருள்தான். ஆனால் மாசி? தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களிலே மாசி அறியப்பட்டிருந்தது. உள்நாட்டு மாவட்டங்களில் வாழ்ந்த ஏழை உழவனுக்கோ மாசி என்றால் தை மாதத்துக்குப் பின் வரும் மாதம். அவன் அறிந்த உலர்ந்த மீன் கருவாடு. அறியாத பொருளைக் காட்டி ஒருவனுக்கு ஆசை மூட்ட முடியுமா?

மாசி என்பது மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வரும் பண்டம். சூரை மீனைத் துண்டமாக்கி, அவித்து, புகையிலே வாட்டி, வெயிலிலே காய வைத்து மரக்கட்டை போல் ஆக்கியதே மாசி. 14ஆம் நூற்றாண்டிலே மாலைதீவிலே தங்கியிருந்த இபன் பதூதா என்னும் உலகப் பயணி இந்த மீனைப் பற்றியும் அது பிற நாடுகளுக்கு ஏற்றுமதியானதைப் பற்றியும் எழுதி வைத்திருக்கின்றார். அத்துணைப் பழைய வாணிகம் அது. அதனை இடித்து உணவிலே கலந்து உண்ணும் வழக்கம் இலங்கையிலே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாருக்கும் பொதுவாக உண்டு. சிங்களத்திலே அதனை 'உம்பலகட' என்பர்.

இப்பொழுது தேங்காயையும் மாசியையும் சேர்த்துப் பாருங்கள். இவ்விரண்டும் தனித்தனிப் பொருள்களாக இப்பழமொழியிலே இடம்பெறவில்லை. துருவிய தேங்காயோடு இடித்த மாசியையும் மிளகாயையும் வெங்காயத்தையும் உப்பையும் சேர்த்து, தேசிக்காய்ப் புளி விட்டால் கிடைப்பது என்ன? சம்பல். நம் லயத்துக் காம்பராக்களிலே விடியற்காலையிலே ரொட்டியோடு உண்ணப்படும் அதே தேங்காய்ச் சம்பல். பிரட்டுக்குப் போகும் அவசரத்திலே அம்மியிலே அரைத்தெடுத்து, ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டி, மலைக்கு எடுத்துச் செல்லும் சம்பல். இலங்கையின் அடுக்களையிலே பழகிய ஒருவருக்குத்தான் தேங்காய் என்றவுடன் மாசி நினைவுக்கு வரும். தமிழகத்துக் கிராமத்திலிருந்து இன்னும் புறப்படாத ஒருவருக்கு அது வராது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்பலுக்கு வேண்டிய இவ்விரண்டும் மலைநாட்டிலே விளையாதவை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உள்ளது. அந்தக் குளிரிலே தென்னை காய்க்காது. தேங்காய் குருநாகல், சிலாபம் போன்ற தாழ்நிலங்களிலிருந்து மலையேறி வர வேண்டும். மாசியோ கடல் கடந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து மலையேற வேண்டும். அக்காலத் தோட்டத்திலே அரிசி தோட்டக் கணக்கிலே கிடைத்தது. அதன் விலையைச் சம்பளத்திலே பிடித்துக்கொள்வார்கள். தேங்காய்க்கும் மாசிக்கும் கடைக்குப் போக வேண்டும். கடை பல தோட்டங்களிலே பெரிய கங்காணியுடையதாகவே இருந்தது. கையிலே காசில்லாதவர்கள் கடனுக்கு வாங்கினார்கள். கடன் கணக்கு வளர்ந்தது. தேயிலைத் தூரிலே ஒருகாலும் கிடைக்கமாட்டாத இரண்டு பொருள்கள் எவை என்று ஒரு தோட்டத் தொழிலாளியைக் கேட்டிருந்தால், அவர் தேர்ந்து சொல்லியிருக்கக்கூடிய பொருள்களே இவை.

'தோண்டினால்' என்னும் சொல்லையும் சற்றே ஆராய்வோம். தேயிலை தோண்டி எடுக்கும் பயிர் அன்று. கிள்ளி எடுக்கும் பயிர். அதன் பயனெல்லாம் மேலே, கொழுந்திலே இருக்கின்றது. தூரிலே வேலை செய்பவன் யார்? கான் வெட்டுபவன், முள்ளுக் குத்துபவன், பழஞ்செடியை வேரோடு பிடுங்குபவன். அவன் மண்வெட்டியும் முள்ளும் கொண்டு தூரைக் கிளறும்பொழுது அங்கே கல்லையும் மண்புழுவையும் அழிந்த காட்டு மரங்களின் வேர்களையும் கண்டிருப்பான். தூரிலே என்ன கிடைக்கும் என்பதை அவனைப் போல் அறிந்தவர் வேறெவரும் இலர். அப்படி அறிந்தவன் அங்கே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொன்னால், அதனை எப்படிப் பொருள் கொள்வது?

நேயர்களே, தமிழிலே வஞ்சப் புகழ்ச்சி என்றோர் அணி உண்டு. புகழ்வது போலப் பழிப்பது அது. படித்த புலவர்களுக்கே உரியது என்று அதனை நினைத்துவிடலாகாது. நம் பாட்டிமார் நாள்தோறும் கையாளும் அணி அது. வேலைக்குப் போகாமல் திண்ணையிலே படுத்திருக்கும் மகனைப் பார்த்து, "ராசா தூங்கட்டும், சம்பளம் வீடு தேடி வரும்" என்று ஒரு தாய் சொன்னால், சம்பளம் வீடு தேடி வரும் என்று அவள் நம்புகிறாள் என்றா பொருள்? 'தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும்' என்பதும் அத்தகையதொரு கூற்றே என்று நான் கருதுகின்றேன். அது ஆள் சேர்க்கப் போனவனின் வாயிலே பிறந்த மொழி அன்று. வந்து சேர்ந்து, தோண்டிப் பார்த்து, கடைக் கணக்கையும் கண்டு கசந்தவர்கள், தங்களை அழைத்து வந்தவனின் வாயிலே வைத்துச் சொன்ன மொழி. 'நீ சொன்ன சொல்லெல்லாம் இவ்வளவு பெறுமதியானதுதான்' என்று அவனுக்கு அளிக்கப்பட்ட தீர்ப்பு அது.

இவ்வாறு கொள்வதற்கு உலக வழக்கும் துணை செய்கின்றது. இத்தாலி நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களிடையே வழங்கிய ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் தெருக்களிலே பொன் பரப்பியிருக்கும் என்று கேள்விப்பட்டு வந்தோம். வந்து பார்த்தால் பொன்னும் இல்லை, கல்லும் பரப்பியிருக்கவில்லை. அத்தெருக்களுக்குக் கல் பரப்ப வேண்டியவர்கள் நாங்களே என்று அறிந்தோம் என்பது அக்கதையின் சாரம். இதைச் சொன்னவர்களை மடையர் என்று எவரும் இகழ்வதில்லை. துன்பத்தை நகைப்பாக மாற்றத் தெரிந்த அறிவாளிகள் என்றே பாராட்டுகின்றனர். அதே பாராட்டு நம் முன்னோருக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

நிற்க. இங்கே ஒரு தடை எழலாம். 'அப்படியானால் கங்காணிமார் ஏமாற்றவே இல்லை என்கிறீரா?' என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறு நான் கூறவில்லை. ஏமாற்று இருந்தது. ஆனால் அது தேங்காயைப் பற்றிய பொய்யைக் காட்டிலும் மிகவும் நுட்பமானது. சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது. அதன் பெயர் முற்பணம். வழிச் செலவுக்கும் ஊர்க் கடனைத் தீர்ப்பதற்கும் என்று கங்காணி கொடுத்த பணம், தொழிலாளி தோட்டத்திலே காலடி வைக்கும் முன்னரே அவன் பெயரிலே கடனாக நின்றது. அவன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரையிடமிருந்து 'துண்டு' பெற வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று எழுதிய சிறு காகிதமே துண்டு. புதிய துரை அத்தொகையைக் கட்டுவான். கடன் அவனிடம் மாறும். தொழிலாளி கடனோடு கடனாக இடம் பெயர்வான். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று பெரிய கங்காணிக்குத் தலைக்காசும் கிடைத்தது. 1921ஆம் ஆண்டிலேதான் துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அதுவரை எத்தனையோ குடும்பங்கள் தேயிலைத் தூரைத் தோண்டிக் கண்டது கடன் ஒன்றையே. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று அது.

ஏமாற்றுப் பேச்சு ஒன்றினாலேயே மக்கள் வந்தனர் என்று சொல்லும்பொழுது நாம் மறந்துவிடும் பேருண்மை ஒன்று உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். பஞ்சம் இல்லாத ஆண்டுகளிலும் நிலமற்றவர்கள் கடனாளிகளாகவும் பண்ணையடிமைகளாகவும் வாழ்ந்தனர். சாதிக் கொடுமை அவர்களைத் தெருவிலே நடக்கவும் விடவில்லை. இவர்களைக் கண்டிச் சீமைக்கு அனுப்பி வைத்தது கங்காணியின் நாவன்மை ஒன்றுதானா? பின்னே நின்று தள்ளியது பசி. முன்னே நின்று அழைத்தது கூலி. குடும்பத்தில் எவரேனும் உயிர் பிழைக்க வேண்டும் என்று கணக்கிட்டே அவர்கள் படகேறினர். தேங்காய்க்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் என்று சொல்லிவிட்டால், அவர்களைத் தள்ளிய பசிக்கும், அப்பசியைத் தீர்க்காத அரசுக்கும், அதிலே ஆதாயம் தேடியவர்களுக்கும் பொறுப்பே இல்லாமற் போய்விடுகின்றது. குற்றம் ஏமாந்தவன் தலையிலே விழுகின்றது. பழமொழிக்குத் தவறான பொருள் கூறுவது இத்தகைய அநீதியிலே கொண்டுபோய் விடும் என்பதற்காகவே இதனை இத்துணை விரிவாகச் சொல்கின்றேன்.

என் கருத்தை ஏற்காதவர்களும் இருக்கலாம். இலங்கையிலே பல்லாண்டு வாழ்ந்த கங்காணி தன் பழக்கத்தினாலேயே மாசியைக் குறிப்பிட்டிருக்கலாம். எங்கோ ஒரு கிராமத்திலே உண்மையாகவே இச்சொற்கள் சொல்லப்பட்டிருக்கலாம் என்று அவர்கள் வாதிடலாம். நல்லது, அவ்வாறே கொள்வோம். அப்பொழுதும் இம்மொழியிலே நம்மைத் தலைகுனியச் செய்வது எதுவும் இல்லை. உலகெங்கும் மக்களுக்குக் காட்டப்பட்ட ஆசைகளிலே பொன் உண்டு, மணி உண்டு, அரச போகம் உண்டு. நம் மக்களுக்குக் காட்டப்பட்டது எது? சோற்றோடு தொட்டுக்கொள்ள ஒரு சம்பல்! அவ்வளவு சிறிய ஆசையே ஒரு மனிதனைக் கடல் கடக்கச் செய்யும் என்றால், அவன் விட்டுவந்த ஊரிலே அவன் தட்டு எவ்வளவு வெறுமையாக இருந்திருக்க வேண்டும்! எப்படிப் பொருள் கொண்டாலும் இம்மொழி ஒரு பசியின் அளவுகோல்.

'தூர்' என்னும் சொல்லைப் பற்றியும் சிறிது கூற விரும்புகின்றேன். தூர் என்பது செடியின் அடி. வேர் தொடங்கும் இடம். தேயிலைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். இலையும் கிளையும் இன்றி மொட்டையாக நிற்கும் அச்செடி மீண்டும் தளிர்ப்பது எதனால்? வேரிலே சேர்ந்திருக்கும் மாப்பொருளினால். வேரிலே அது போதிய அளவு இல்லாத செடி கவ்வாத்துக்குப் பின் பட்டுப்போகும். அதனாலே, வெட்டுவதற்கு முன் வேர்த் துண்டொன்றை எடுத்து அயடீன் கரைசல் இட்டு, கருநீல நிறம் வருகின்றதா என்று சோதித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. நம் பாடசாலை ஆய்வுகூடத்திலே உருளைக்கிழங்கைக் கொண்டு மாணவர் செய்யும் அதே சோதனை. 1925ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட நம் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலே இத்தகைய ஆய்வுகளை நடத்தி வருகின்றது. ஆக, தேயிலைத் தூரிலே உண்மையாகவே ஓர் உணவு இருக்கின்றது. அது தோண்டுபவனுக்குரியது அன்று. வெட்டுண்ட செடி மீண்டும் எழுவதற்காகச் சேர்த்து வைத்தது.

வெட்டுண்டு மீண்டும் தளிர்த்த வரலாறு நம் மக்களுக்கும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்பதற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பத்திரம் இல்லாத லயங்களிலே அதற்குச் சான்று ஏது? 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு பின்னர் 1974ஆம் ஆண்டிலே சரிபாதியாகப் பகிரப்பட்டது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுட் பலர், 1968ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு அவர்களுக்கென நீலகிரியிலே அமைத்த தோட்டங்களிலே மீண்டும் தேயிலைத் தூரையே கிளறினர். இங்கே எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் பிரசாவுரிமை வழங்கிற்று. மூன்று, நான்கு தலைமுறைகளாகத் தூரிலேயே உழைத்தவர்களை நோக்கி, 'உங்களுக்கு இங்கே வேர் உண்டா?' என்று கேட்கப்பட்ட காலமும் இருந்தது என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. இப்பழமொழியின் பொருள் மயங்கியதற்குக் காரணம், அது வாயிலிருந்து ஏட்டுக்கு இடம் மாறியதே என்று தோன்றுகின்றது. ஏட்டிலே சொற்கள் மட்டுமே பதிகின்றன, குரல் பதிவதில்லை. 'கிடைக்கும்' என்பதை நேராகச் சொன்னால் அது வாக்குறுதி. அதே சொல்லைச் சற்றே இழுத்து, உதட்டைச் சுழித்து, 'கிடை..க்கும், கிடைக்கும்' என்று சொன்னால் அது ஏளனம். மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றை ஏட்டிலே காத்துத் தந்தது நாம் பெற்ற பேறு. ஆனால் பழமொழிகளின் குரலையும் தொனியையும் காப்பது நம் ஒவ்வொருவரின் பொறுப்பு. வானொலி வழியாக உங்கள் செவிகளோடு பேசும் இத்தருணத்திலே, அப்பொறுப்பை உங்களிடம் ஒப்படைப்பது பொருத்தமென எண்ணுகின்றேன்.

உங்கள் வீட்டிலே எண்பது வயது கடந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இன்றிரவே அவர்களிடம் இப்பழமொழியைக் கேளுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதோடு எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் கூர்ந்து கேளுங்கள். சொல்லும்பொழுது சிரிக்கிறார்களா, பெருமூச்சு விடுகிறார்களா, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்கிறார்களா என்று பாருங்கள். யார் சொன்னதாகச் சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொன்னதாகச் சொல்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் இதனை ஒரு பயிற்சியாகவே செய்யலாம். வரலாற்று நூல்களிலே இல்லாத வரலாறு அங்கே கிடைக்கும்.

அன்று வகுப்பிலே எழுந்து நின்று கேட்ட மாணவிக்கு நான் அளித்த விடை இதுவே: "இல்லை அம்மா, அவர்கள் மடையர்கள் அல்லர். பசியோடு வந்தார்கள்; வந்தபின் உண்மையைக் கண்டார்கள்; கண்டதை நகைப்பாக்கி நமக்கு விட்டுச் சென்றார்கள். அந்த நகைப்பை நாம் அவர்கள் மீதே திருப்பிவிடக் கூடாது."